உலக்கை பிடித்தால்தான் பாட்டு

கொல்லிமலை, தை மாதம், செவ்வாய் இரவு.

துறையூர் மிளகு வியாபாரி காதர் ராவுத்தர், எங்கள் மலைப் பெண்களின் தினைகுத்துப் பாட்டை ஊரே கேட்கட்டும் என்று வெள்ளிக்கிழமைக்காக மலைக்குக் கீழே இருக்கும் தம் கிடங்கைக் காலி செய்துவிட்டார். ஏற்பாடு முழுக்க நான். பாட்டு இல்லையென்றால் கிராமபோனை வைத்துவிடுவாராம். அப்புறம் என் பேச்சை யார் மதிப்பார்கள்?

ஒத்திகைக்காக இன்று பாடும் பெண்கள் எட்டுப் பேரையும் பாயில் உட்கார வைத்தேன். ஒருத்திக்கும் பாட்டு வரவில்லை.

“ஏனுங்க மாமா, கை சும்மா கெடந்தா வாய்க்கு எப்புடிங்க பாட்டு வரும்?” என்றாள் அக்காள் மகள் பாவாயி.

ராவுத்தர் நல்ல உரல் போடுவார் என்றேன்.

“வேத்து உரலுக்கு எங்க பாட்டு நிக்காதுங்க.”

“உங்க உரலையே தலையில தூக்கியாறேன், போதுமா கண்ணு?”

எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவர்கள் குத்துவது பாறையில் குடைந்த குழியில். பேச்சு வேகத்தில் மறந்துவிட்டேன்.

ஆனாலும் சோதிக்காமல் விடுவேனா? என் வீட்டு உரலில் உலக்கையைப் போட்டேன். ‘தொம்’ என்றது. பாறைக்குழியில் போட்டேன். ‘கிண்’ என்று நீண்டு ஒலித்தது. அவர்கள் பாட்டை எடுப்பதும் அதே சுருதியில்தான்! இதைக் கண்டுபிடித்தவன் மலையிலேயே நான் ஒருவன்தான். பாவாயி சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

பாறை கீழே இறங்காது. விடிந்ததும் புளியஞ்சோலை வழியாக மலையிறங்கிப் போய், துறையூரையே மேலே கூட்டி வரும்படி ராவுத்தரிடம் சொல்ல வேண்டும். ஏற்றம் எவ்வளவு என்று கேட்டால், கூப்பிடு தூரம் என்று சொல்லிவிடலாம்.