மாதா கழுத்தில் என் பதக்கம்

1973 மே 13, ஞாயிறு

இன்று பூசைக்குப் போனால், மாதா சுரூபத்தின் கழுத்தில் என் வீர் சக்ரா தொங்குகிறது. என்னைக் கேட்காமல் பெட்டியிலிருந்து எடுத்துப்போய்ப் போட்டது அம்மாதான்.

"நீ சண்டையிலேர்ந்து உசுரோட வந்தா, உனக்குக் கெடைக்கிறதுல ஒசந்ததை மாதாவுக்குப் போடுறேன்னு வேண்டிக்கினேன்டா. இப்ப என்னா கொறைஞ்சி போச்சி?"

கோயிலென்றும் பாராமல் கத்திவிட்டேன். "அது எனக்கு மட்டும் குடுத்ததாம்மா? குண்டடிபட்டுக் கெடந்த என்னை என் சிப்பாய் மாணிக்கம்தான் தோள்ல தூக்கியாந்தான். என்னைக் கொண்டாந்து சேத்துட்டு அவன் செத்துப்போனான்."

அம்மா அசையவில்லை. "அவனை அனுப்புனதே மாதாதான்டா."

பதக்கத்தை நான் கழற்றவில்லை. மாணிக்கத்தின் அம்மா மட்டும் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொள்ளாமலா இருந்திருப்பாள்?