மாமா வாயால் நீ பேசியது

பிற்பகல் மூன்று மணி பதினேழு நிமிடம். ஆலையின் துணைமின் நிலையத்தில் மணிக்கு ஒருமுறை மீட்டர்களைப் பார்த்து எழுதும் லாக் ஷீட்டில் அப்படித்தான் குறித்திருக்கிறேன். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உன் அண்ணன் பேசினார், நீ போய்விட்டாய் என்று. ரிசீவரை வைத்துவிட்டு, தாளின் ஓரத்தில் 3.17 என்று எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. மாற்று ஆள் வர ஐம்பது நிமிடம் ஆனது. நான்கு மணி ரீடிங்கையும் நானே எடுத்தேன். வோல்டேஜ், கரண்ட், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ச் சூடு எல்லாம் சரியாக இருந்தன. கையெழுத்துகூடக் கோணவில்லை.

அந்தத் தாளை ஃபைலிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். எடுத்திருக்கக் கூடாது. அதனால் அதற்கு ஒரு நகல் எழுதி ஃபைலில் வைத்தேன். நகலில் 3.17 இல்லை.

இன்று காலை உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, தாளை உள்ளே வைக்கப் போனேன். மேலாக இருந்தது என் வேலைக் கடிதம். அதை நீதான் மடித்து வைத்திருந்தாய், இரண்டு பாச்சை உருண்டைகளோடு. அதன் வாசனையில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் செய்தி. ஆலை டீமைக் கலைத்துவிட்டார்கள். புது நிர்வாகத்துக்குப் பாஸ்கெட்பால் தேவையில்லை. கோர்ட்டில் இப்போது பஞ்சு மூட்டைகள். வளையங்கள் மட்டும் இன்னும் மேலே இருக்கின்றன.

செபாஸ்டியன் புதன்கிழமை வந்தான். உனக்குத் தெரியும், என்னைவிட ஒரு சாண் உயரம், இடது கையால் பந்து போட்டால் வளையம் தொடாமல் உள்ளே விழும். ஆட்டத்தில் அவன் பக்கத்தில் நான் ஒன்றுமில்லை. அவனுக்கு மாதக் கடைசியோடு சரி என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள். மற்ற மூன்று பேருக்கும் அப்படியே. எனக்கு மட்டும் இல்லை.

உள்ளே வந்தவன் உட்காராமல் கேட்டான். "அன்னைக்கு மில்லு வேலைக்கு ஒனக்கு நெசமாப் பேசுனது யாருடா?"

"மாமா."

"பொய் சொல்லாதடா. ஒங்க மாமாவுக்குப் பந்துக்கும் பரங்கிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாது."

அவன் உன் படத்தைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான்.

ஆறு வருடம் ஆகிறது. மின்வாரியத்தில் எனக்கிருந்த தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. திருப்பத்தூர் ரோட்டு ஆலை புதிதாக டீம் சேர்க்கிறது என்று கேள்விப்பட்டு எங்கள் பாஸ்கெட்பால் கிளப்பே கொதித்துக் கிடந்தது. கோச் எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டு, "ஒங்க அஞ்சு பேருக்கும் நானே பேசி முடிச்சுத் தர்றேன், நீங்க ஆட்டத்தைப் பாருங்க" என்றார். கல்யாணமாகி நான்கு மாதம். சந்தோஷத்தோடு ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். நீ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய்.

"அஞ்சு பேரைக் கூட்டியாந்து குடுத்தா அவருக்கு என்ன குடுக்குறாக?"

"ஒண்ணும் குடுக்கல. பிரியத்துல செய்யிறாரு."

"கேட்டுட்டு வாங்க."

கேட்டேன். கோச் மறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே, டீம் மேனேஜர் வேலை தருகிறார்கள் என்றார். அதில் ஒரு தப்பும் அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உனக்குத்தான் தெரிந்தது. "அப்ப அவரு மில்லுக்கு ஆள் பிடிக்கிறவரு. நமக்குப் பேசுறவரு இல்ல" என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். மற்ற நான்கு பேரும் கோச்சிடமே விட்டார்கள்.

சரி, வேறு யார் பேசுவது? அம்மா யோசிக்கவே இல்லை. நாட்டரசன்கோட்டை மாமாவுக்குக் கார்டு போட்டுவிட்டார். சுற்றுப்பட்டு ஊர்களில் பாதிக் கல்யாணம் மாமா பேசி முடித்தது. தாய்மாமன் இருக்க வேறு ஆள் எதற்கு என்பது அம்மாவின் கணக்கு. வெளுத்த வேட்டி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மாமா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

ஆலையின் லேபர் ஆபீசர் ஜீப்பில் வந்தார். கோச்சும் கூட வந்தார். மாமா எழுந்து நின்று, குனிந்து கும்பிட்டு, நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். ஆபீசர் ஆங்கிலத்தில் டைப் அடித்த கடிதத்தை எடுத்து நீட்டி, சம்பளத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். மாமா சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

"நாங்க என்னத்தச் சொல்லப் போறோம் சார்? பெரிய எடம். ஒங்க வீட்டுப் பிள்ளையா நெனச்சு, நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க. நீங்க கொறைச்சா செய்யப் போறீக?"

ஆபீசர் பேனாவைத் திறந்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுப்படிக் கதவோரத்திலிருந்து உன் குரல் வந்தது. "மாமா, காப்பி கலக்கணும். சீனி எம்புட்டுன்னு ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போங்க." மாமா சர்க்கரை வியாதிக்காரர். காப்பியில் சீனியே போடுவதில்லை. ஆனாலும் எழுந்து போனார்.

உள்ளே நீ சொன்னதைப் பின்னால் மாமாவே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். "மாமா, நீங்க பொண்ணு வீட்டுக்காரக மாதிரிப் பேசுறீக. யாரு யாரைத் தேடி வந்திருக்காக? ஜீப்பு எங்குட்டு நிக்குது? இன்னைக்கு நாம மாப்பிள்ளை வீடு மாமா."

திரும்பி வந்தவர் வேறு ஆள். இடுப்பில் கட்டியிருந்த துண்டு தோளுக்கு வந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்து கால் மேல் கால் போட்டார். அந்தக் கால் ஆடியது. ஆபீசருக்கு எதுவும் புரியவில்லை. கோச்சுக்குப் புரிந்தது. அவர் கதவுப் பக்கம் பார்த்தார்.

அதன்பிறகு நடந்தது ஒரு மணி நேரம். புது மருமகள் வெளியாட்களிடம் நேராகப் பேசக் கூடாது. அதனால் நீ மாமாவிடம் பேசினாய். மாமா அதையே, தனக்குத் தோன்றியது போல, இரண்டு மடங்கு சத்தத்தில் ஆபீசரிடம் சொன்னார். வக்கீல் ஆபீஸில் ஒரு வருடம் டைப் அடித்தவள் நீ. என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, காப்பி ஆறுவதற்குள் படித்து முடித்திருந்தாய்.

"மாமா, இதுல விளையாட்டு வீரர்னு போட்டிருக்காக. இவுக டிப்ளமா படிச்சது எங்க போச்சு?"

"எங்க பிள்ளை டிப்ளமா படிச்சது எங்க சார் போச்சு?"

"வருசா வருசம் புதுப்பிக்கிறதுன்னா, முட்டி பெசகுன வருசம் என்ன பண்ணுவாக?"

"முட்டி பெசகுனா என்ன சார் பண்ணுவீக? முட்டிய நீங்களா போட்டுத் தருவீக?"

கடைசி வாக்கியம் மாமாவின் சொந்தச் சரக்கு. கதவுக்குப் பின்னால் நீ சிரித்தது எனக்குக் கேட்டது. ஆபீசர் அந்த நேரத்துக்குள் மாமாவைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கேள்வி மாமாவிடமிருந்து வந்தாலும் பதிலைக் கதவிடம் சொன்னார்.

நீ கேட்டது ஒன்றுதான். மின்சாரப் பிரிவில் சூப்பர்வைசராக வேலை. ஆட்டம் அதற்கு மேலே. ஆட்டம் நின்றாலும் வேலை நிற்காது என்று ஒரு வரி. அதற்காகச் சம்பளத்தில் நாற்பது ரூபாய் குறைத்துக்கொள்ளலாம் என்று நீயாகவே விட்டுக்கொடுத்தாய். ஆபீசர் பேனாவை மூடினார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்.

"யோசிக்கட்டும் மாமா. நமக்கு அவசரமில்லைன்னு சொல்லுங்க."

நமக்கு அவசரமில்லை என்று மாமா சொன்னார். என் வேலை முடிய ஒன்பது நாள் இருந்தது.

ஜீப் போனதும் நான் கத்தினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். "மாமா முடிச்சு வச்சதை நீ கெடுத்துட்டே" என்றேன். நீ கத்தவில்லை. "மாமா முடிக்கல. விட்டுக் குடுத்தாக. ரெண்டும் வேற" என்றாய். பிறகு என் முட்டியைத் தொட்டு, "இதை வச்சுக்கிட்டு எத்தனை வருசம் குதிப்பீக?" என்று கேட்டாய். எட்டு வருடம் என்றேன், வீம்புக்கு. "அதுக்கப்புறம் நமக்கு நாப்பது வருசம் கெடக்கே. அதுல என்ன செய்வீக?"

முட்டி நான்கு வருடத்தில் போனது. நாற்பது என்று நீ போட்ட கணக்கில் உனக்கு ஆறுதான் வந்தது. நான் குறை சொல்லவில்லை. இரண்டு கணக்கும் தப்பு. அவ்வளவுதான்.

மூன்று நாள் ஆலையிலிருந்து பேச்சே இல்லை. அந்த மூன்று நாளும் நான் உன்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காலையில் மூலை மருந்துக்கடைக்காரர் வந்து, மில்லிலிருந்து போன், லைனில் இருக்கிறார்கள் என்றார். சட்டைகூடப் போடாமல் கிளம்பினேன். நீ வாசற்படியில் குறுக்கே நின்றாய்.

"மொத மணிக்கே ஓடாதீக. வீட்ல இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

"வேற ஆளை எடுத்துட்டா?"

"எடுத்துட்டா எடுத்துட்டுப் போறாக. வேணும்னா மறுபடி கூப்புடுவாக. அப்ப எடுத்து, வீட்டுக்கு வாங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை பேசாதீக. போன்ல பேசுனா நீங்க எல்லாத்துக்கும் சரி சரின்னுதான் சொல்லுவீக."

அது உண்மை. அன்று மத்தியானம் முழுக்க மருந்துக்கடைப் பெஞ்சில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு மறுபடி அடித்தது. வீட்டுக்கு வாங்க என்றேன். மறுநாள் ஜீப் வந்தது. அந்த வரி கடிதத்தில் இருந்தது.

ஆறு வருடமும் மாதம் நாற்பது ரூபாய் கூட வாங்கிய செபாஸ்டியன் என்னைக் கேலி செய்தான். "பொண்டாட்டி பேச்சைக் கேட்டு நாப்பது ரூபாயத் தொலைச்சவன் இவன்." நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. உன்னிடம் அதைச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

கோச் இரண்டு வருடம் முன்பே வேறு ஊர் டீமுக்குப் போய்விட்டார். அங்கேயும் ஐந்து பேர் கிடைத்திருப்பார்கள்.

போன வாரம் லேபர் ஆபீசர் துணைமின் நிலையத்துக்கு வந்தார். அதே ஆள், தலை நரைத்திருக்கிறது. உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். என் கடிதத்தைக் காட்டித்தான் மற்ற நான்கு பேரும் தங்களுக்கும் வேலை வேண்டும் என்று கேட்கிறார்களாம். அந்த வரியை எடுத்துவிட்டுப் புதுக் கடிதம் தருகிறோம், சம்பளத்தையும் கூட்டித் தருகிறோம், ஒரே ஒரு கையெழுத்துதான், ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன் என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். பேனா கொடுத்திருந்தால் அங்கேயே போட்டிருப்பேன். நீ போனபிறகு எனக்கு எதுவும் ஒரு பொருட்டாக இல்லை. அந்த வரி என்னுடையது என்றுகூட அப்போது தோன்றவில்லை.

புதன்கிழமை செபாஸ்டியன் தன் பழைய வேலைக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினான். இரண்டு முறை படித்தேன். ஒரு வரி குறைவு. நாற்பது ரூபாய் அதிகம். அவனுக்கு மூன்று பிள்ளைகள். "யாரைக் கூட்டிட்டுப் போயிப் பேசுறதுடா?" என்று கேட்டான். அவன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாலும் கேட்டது உன்னைத்தான்.

அன்று இரவு மாமாவுக்குக் கார்டு போட்டேன். நேற்று சாயங்காலமே வந்துவிட்டார். விஷயம் முழுக்கக் கேட்டுவிட்டு, துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் அடுப்படிக் கதவைப் பார்த்தார். "ஏப்பா, யாரு எனக்கு எடுத்துக் குடுக்குறது?" என்றார்.

"நான் குடுக்குறேன் மாமா" என்றேன்.

என்ன எடுத்துக் கொடுப்பது என்பதும் தெரியும். என் கையெழுத்து அவர்களுக்கு வேண்டும். என் வரியை எடுக்க மாட்டேன். அதே வரி மற்ற நான்கு பேருக்கும் வரட்டும், பாய்லர் ஹவுஸிலோ ஸ்டோரிலோ. அதுவரை பேனா தொடுவதில்லை. கிடைக்குமா தெரியாது. நமக்கு அவசரமில்லை.

இன்று ஞாயிறு, காலை பத்து நாற்பதுக்கு இந்த ஆலைக் குவார்ட்டர்ஸ் போன் அடித்தது. ஷிஃப்ட் பொறுப்பு ஆள் என்று ஆலையில் போட்டுக் கொடுத்த எக்ஸ்டென்ஷன். பதினான்கு முறை மணி அடித்ததை எண்ணினேன். எடுக்கவில்லை. மாமா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடிப்பது நின்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. அன்று மூன்று பதினேழுக்கு நான் முதல் மணியிலேயே எடுத்தேன். துணைமின் நிலையத்து போனை அப்படித்தான் எடுக்க வேண்டும், அது விதி. இருந்தாலும் எடுத்தேன். எடுக்காமல் இருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மடலை இதுவரை எழுதியபோது மறுபடி அடித்தது. எடுத்தேன். "வீட்டுக்கு வாங்க சார். மாமா இருக்காக" என்றேன். அவர் பேசிக்கொண்டே போனார். நான் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், சரி, நாளை வருகிறேன் என்றார்.

மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார், ஆபீசருக்குக் காப்பித்தூள் வாங்க. ரிசீவரை நான் திரும்ப அதன் இடத்தில் வைக்கவில்லை. இன்னும் பெட்டிக்குள் போகாத லாக் ஷீட்டின் மேல், 3.17 மறையும்படி, படுக்க வைத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் மணி அடிக்காது.