தையல் பார்த்து வாங்கிய விமானம்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்கு ரத்த அழுத்தம் போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது, எனக்கு வலது முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது ஒரு சத்தம் போடுகிறது, மற்றபடி குறையொன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன், அப்படி இல்லையென்றால் இனிமேலாவது இருங்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ நடுவில் புகுந்துவிடுகிறாய். போன முறை, விமானம் வருகிற வியாழக்கிழமை வருதுடி என்று நான் வாயைத் திறந்ததும், "அம்மா, உனக்கு ஐம்பத்தெட்டு வயசு" என்று என் வயதை எனக்கே சொல்லித் தந்தாய், அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் கைவேலையை வைத்துவிட்டு முழுதாகப் படி.

முதலில் வீட்டு விஷயம். வாஷிங் மெஷின் நின்றுபோய் மூன்று நாள் கையால் துவைத்தோம், மெக்கானிக் வந்து உள்ளேயிருந்து ஏழு சட்டைப் பொத்தான்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார், ஏழும் அப்பாவுடையவை, ஊருக்கெல்லாம் தைக்கிறவர் வீட்டில் இப்படி. அப்பாவின் சீட் கவர் கடையில் வேலைக்குக் குறைவில்லை, இப்போது கார் சீட்டோடு லாரித் தார்ப்பாயும் எடுத்துச் செய்கிறார். டிரைவிங் ஸ்கூலில் நான் காலை வகுப்பு மட்டும்தான் எடுக்கிறேன். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான், நியாயமாகப் பார்த்தால் ஆகாயத்தில்தான் எனக்குப் பத்திரம், அங்கே எதிரே லாரி வராது. இதை அப்பாவிடம் சொன்னால் சிரிக்க மாட்டார். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பிளையிங் கிளப்பில் நான் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருஷமாக அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் லைசென்ஸ் வாங்கிய அன்றைக்கு "நல்லது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார், முக்கால் மணி நேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

நானும், கிளப்பில் என்னோடு கற்றுக்கொண்ட பல் டாக்டரும் பேக்கரி அம்மாவும் சேர்ந்து இந்த விமானத்தைச் சொல்லிவைத்திருந்தோம் என்பது உனக்குத் தெரியும். இரண்டே சீட், இறக்கையோடு சேர்த்துப் பார்த்தால் பெரிதாகத் தெரியும், ஆனால் இரண்டு பேர் தள்ளினால் நகர்ந்துவிடும், அவ்வளவு லேசு. மூன்று பேரில் கையெழுத்துப் போட்டு வாங்குகிற பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள், டிரைவிங் ஸ்கூல்காரிக்குத்தான் எழுத்து வேலை பழக்கம் என்று. மழைக்கும் தூசிக்கும் மூடிவைக்க விமானத்துக்கு ஒரு உறை தைக்க வேண்டும், அளவெடுக்க வாங்க என்று பேக்கரி அம்மா அப்பாவை நேராகக் கடைக்கே போய்க் கூப்பிட்டிருக்கிறார். என்னுடன் வர மாட்டேன் என்றவர் தொழில் என்றதும் டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியெல்லாம் நான் கியர் மாற்றுகிறபோதெல்லாம் என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வரவேண்டியது பதினொன்றே காலுக்கு வந்தது. முதலில் சத்தம், அப்புறம் மரங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக் கீற்று, அப்புறம் ஓடுபாதையில் பூப்போல இறங்கியது. வெள்ளை உடம்பு, பக்கவாட்டில் மஞ்சள் கோடு, கதவைத் திறந்தால் புதுச் செருப்புப் பெட்டி வாசனை. எனக்குக் கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கொண்டுவந்த பைலட் நெட்டையான ஆள், மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தவர், நாலு மணிக்கு ரயில் பிடிக்க வேண்டும் என்று இறங்கும்போதே சொல்லிவிட்டார். பல் டாக்டர் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிவந்திருந்தார், பேக்கரி அம்மா இறக்கை வைத்த கேக் ஒன்று செய்துகொண்டு வந்திருந்தார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த கேப்டன் நாலு பக்கப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக வாசிக்க, நான் பார்த்துப் பார்த்து டிக் போட்டேன். இன்ஜின் நம்பர் காகிதத்தில் இருப்பதுதானா, புரொப்பெல்லரில் வெட்டு உண்டா, கட்டுப்பாட்டுக் குச்சியை வலது பக்கம் சாய்த்தால் வலது இறக்கையின் மடிப்பு மேலே எழுகிறதா, தீயணைப்பு உருளையின் தேதி என்ன, எல்லாம் சரி. பெல்ட் மாட்டுகிறதா, கழற்றினால் கழல்கிறதா, அதுவும் சரி. மூன்றரை மணிக்குக் கடைசிப் பக்கம் வந்து பேனா மூடியைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் அப்பா உள்ளே சீட்டின் அளவை எடுக்கிறேன் என்று தலையை நுழைத்தவர், நுழைத்தபடியே நின்றார். "இங்க கொஞ்சம் வா" என்றார். இடது சீட்டின் தோள்பட்டை பெல்ட் பின்னால் ஒரு இரும்பு வளையத்தைச் சுற்றி மடங்கி வந்து தைத்திருக்கிற இடம். "அடிநூல் பிடிக்கல, மேல்நூல் மட்டும்தான் சும்மா நிக்குது" என்றார். எனக்கு மேலே பார்த்தால் தையல் அழகாகத்தான் இருந்தது. நெட்டைப் பைலட், "சார், இதே பெல்ட்டைப் போட்டுக்கிட்டுத்தான் நான் வந்தேன்" என்றார். பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கேக்குக்கு முன்னால் கத்தியோடு நிற்கிறார்கள், எல்லார் கண்ணும் என் பேனா மேல். எனக்கு என்ன வந்ததோ, அத்தனை பேருக்கு முன்னால், "ரெண்டு வருஷமா வாயால தடுத்தீங்க, இப்ப நூலால தடுக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டேன். அப்பா பெல்ட்டைத் திருப்பி, மடிப்பின் அடியில் கட்டைவிரல் நகத்தால் ஒரு நூல்முனையை நெம்பி, இரண்டு விரலில் பிடித்து இழுத்தார். ஒரு சாண் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு இழுப்புக்கு மடிப்பு வாய் பிளந்துவிட்டது. கேப்டன் தானே ஒரு முறை கை வைத்துப் பார்த்துவிட்டு, இது மாறாமல் விமானம் நகராது என்றார். நெட்டைப் பைலட் அங்கேயிருந்த கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்து, கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார். மூன்று மணி நேரம் அந்த இடத்தில் உட்கார்ந்து வந்தவர் அவர்தான், இனிமேல் உட்கார வேண்டியவள் நான்.

பல் டாக்டர் மட்டும் விடவில்லை. "நீங்களே தைக்கிறவர்தானே, மெஷின் கொண்டுவந்து ரெண்டு தையல் போட்டுடுங்களேன்" என்றார். "கார் சீட்டுன்னா இப்பவே போட்டுடுவேன், இதுக்கு நான் போடக்கூடாது, இது எந்த நூல், எத்தனை கிலோ தாங்கும்னு எனக்குத் தெரியாது" என்று அப்பா சொன்னார். நான் படிவத்தில் கையெழுத்துக்குப் பதிலாக, இடது தோள்பட்டை பெல்ட்டின் தையல் பிரிந்ததால் ஏற்கவில்லை என்று எழுதித் தேதி போட்டேன். எழுதும்போது எனக்கு இருந்தது கோபமா வெட்கமா என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேக்கை வெட்டினார்கள், பாதி அப்படியே பெட்டியில் திரும்பிப் போனது. பைலட்டுக்கு ரயில் போய்விட்டது, அப்பாவே அவரை நம் வீட்டுக்குக் கூட்டிவந்து உன் அறையில் தங்கவைத்தார், பாவம் கட்டில் போதாமல் கால் வெளியே நீட்டிக்கொண்டு தூங்கினார்.

அன்றைக்குப் பைலட் பின் சீட்டில் கண்ணயர்ந்திருக்க, வண்டியில் வரும்போதே நான் மெதுவாக, தப்பாப் பேசிட்டேங்க என்றேன். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நீ சொன்னதுல பாதி சரிதான். காலையிலேருந்து ஏதாவது குறை கிடைக்காதான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். கிடைச்சப்புறம்தான், கிடைக்காம போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு தோணிச்சு" என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த மனிதர் என்னிடம் இவ்வளவு நீளமாக மனதைத் திறந்து பேசியது இரண்டாவது முறை, முதல் முறை நீ பிறந்தபோது.

புது பெல்ட் வர பதினோரு நாள் ஆனது. தொழிற்சாலையிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, அந்த வாரத்தில் தைத்த எல்லா பெல்ட்டையும் எடுத்துச் சோதிக்கிறார்கள் என்றும், இன்னும் இரண்டில் இதே கோளாறு இருந்தது என்றும் சொல்லி, கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார். நான் போனை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் பத்து நிமிஷம் நூல் இறுக்கத்தைப் பற்றி அந்த அம்மாவுக்கு வகுப்பு எடுத்தார், காது சிவந்துபோயிருந்தது. பதினோரு நாளாக முகம் கொடுத்துப் பேசாத பல் டாக்டர், அந்த இரண்டு பெல்ட் விஷயம் கேள்விப்பட்டதும் கடைக்கே வந்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டாராம், எப்ப வேணும்னாலும் வந்து பல்லைக் காட்டுங்க என்றாராம்.

நேற்றுக் காலை பெல்ட்டை மாட்டினார்கள். அப்பா பூதக்கண்ணாடி வைத்து நாலு பட்டையையும் பார்த்தார், சீட்டில் காலை ஊன்றி முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டேன். முதலில் கேப்டனோடு இரண்டு சுற்று, அப்புறம் தனியாக மூன்று சுற்று, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. இறங்கி வந்து அப்பாவிடம் போய், வர்றீங்களா என்று மட்டும் கேட்டேன், வற்புறுத்தவில்லை. செருப்பைக் கழற்றப்போனார், வேண்டாம், போட்டுக்கிட்டே ஏறுங்க என்றேன். மேலே கிளம்பியபோது கண்ணை மூடிக்கொண்டு சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்தார், நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். ஏழெட்டு நிமிஷத்தில் நம் தெருவுக்கு மேலே வந்து லேசாகச் சாய்த்துத் திருப்பியபோது காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் அவர் குரல் கேட்டது, "நம்ம மொட்டைமாடி டேங்க் மூடி திறந்து கிடக்குது பாரு" என்றார். அதற்குப் பிறகு வாய் ஓயவில்லை. அதோ என் கடை, அதோ நீ படித்த பள்ளிக்கூடம், இந்த ஆற்றுக்கு இவ்வளவு வளைவா, இத்தனை நாள் பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம், தெரியவே இல்லையே என்று குழந்தை மாதிரி விரல் நீட்டிக்கொண்டே வந்தார். இறங்கும்போது ஒரு சின்னக் குதி குதித்தது, அது என் தப்புதான். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பினால் அவர் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். என்னங்க, தலை சுத்துதா என்று கேட்டேன். இல்லை என்றார். எதிரே ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல, "பெட்ரோல் இன்னும் எவ்வளவு இருக்கு" என்றார்.

இவ்வளவுதான் விஷயம். நீ பயப்படுவது அன்பினால் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் இனி என் வயதைச் சொல்வதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, சிரித்த முகத்தோடு இருக்க எங்கள் ஆசி என்றும் உண்டு. குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்றை மறக்காதே, விடுமுறைக்கு டிக்கெட் எடுத்ததும் உன் எடையையும் மாப்பிள்ளை எடையையும் எழுதி அனுப்பு, இது சின்ன விமானம், கணக்குப் போட்டுத்தான் ஆளை ஏற்ற முடியும், கல்யாணத்தின்போது இருந்த எடையைச் சொல்லாதே, இப்போது இருப்பதைச் சொல்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா

(அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் ஓர சீட்தான் இரண்டுமே என்று எழுதச் சொல்கிறார்.)