மாலை போட்ட மூன்றாம் நாள்

நேற்றுக் காலை ஆவடி பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில், கறுப்பு வேட்டி கட்டிய ஒருவர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். அப்படியும் பாதி டீ வேட்டியில்தான் சிந்தியது. கழுத்தில் புதுத் துளசி மாலை. பார்த்ததும் எனக்கு உன் மேலும் என் மேலும் சேர்ந்து கோபம் வந்தது. இத்தனை வருடம் கழித்துமா என்று கேட்காதே.

எண்பதுகளின் கடைசியில் இதே ஆவடி பக்கத்துச் சேக்காட்டில் உன் வீட்டுப் பின்போர்ஷனில் நான் வாடகைக்கு இருந்தேன். நீ தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் அறிவியல் வாத்தியார். காலை ஷிஃப்டுக்கு முன்பே உனக்குக் கொஞ்சம் சாராயம் உள்ளே போயாக வேண்டும், இல்லாவிட்டால் சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியாது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் உனக்குப் பாடம் நடத்தினேன். "குழாய் உன் கையிலதான்பா இருக்கு. திருகினா நின்னுடும்."

"வாஷர் தேஞ்சு பூட்ச்சு வாத்யாரே. எவ்ளோ திருகினாலும் ஒயுகும்" என்று சிரித்தாய்.

நல்ல நக்கல் என்று நானும் சிரித்தேன். உன் நோயை நீயே எனக்கு விளக்கிவிட்டாய் என்பது உறைக்கவில்லை.

அந்த வருடம் மலைக்கு மாலை போட்டாய். முதல் வாரம் காய்ச்சல் மாதிரி படுத்து எழுந்தாய். நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டுத் தொடவில்லை. மாலையைக் கழற்றிய சாயங்காலமே குடித்துவிட்டு வந்தாய். "நாற்பத்தெட்டு நாள் முடிஞ்சவனுக்கு இன்னொரு நாள் முடியாதா? எல்லாம் திமிர்" என்று இரண்டு வாரம் உன்னோடு பேசவே இல்லை. மறு வருடம் நானே உன்னைப் பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துப் போய் மாலை போடவைத்தேன்.

மூன்றாம் நாள் காலை பாயில் கிடந்து நடுங்கினாய். "செவுத்துல எறும்பு ஏறுது பாரு, தட்டி உடு, தட்டி உடு" என்று கத்தினாய். சுவரில் எறும்பே இல்லை. குருசாமி உன் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசி, "சாமி எறங்கிட்டாரு, யாரும் தொடாதீங்க" என்றார். உன் மனைவி கற்பூரம் ஏற்றினாள். சுற்றி நின்று சரணம் சொன்னவர்களில் அறிவியல் வாத்தியாரும் ஒருவன்.

ஒரு நிமிடம் உனக்குத் தெளிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய். "டாக்டராண்ட இட்னு போ வாத்யாரே. முடில."

"மாலையோட ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது. ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோ."

மதியம் வலிப்பில் உன் பல் தானாகவே கடித்துக்கொண்டது. ஆட்டோவில் போகும்போதே உன் கை குளிர்ந்துவிட்டது.

டாக்டர் என்னைத்தான் திட்டினார். "தினமும் குடிச்ச உடம்பு சார். திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும். மருந்து குடுத்து, பக்கத்துல இருந்து பாத்துக்கணும். இது வியாதி. காலையிலேயே கொண்டாந்திருந்தா..." உன் கழுத்து மாலையைப் பார்த்து மீதியை விழுங்கிவிட்டார்.

இப்போது எனக்குச் சர்க்கரை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. மாத்திரைதான் தருகிறார்கள். சில நாள் ஆசைப்பட்டு ஜாங்கிரி தின்றுவிட்டுப் போனாலும் "திமிர்" என்று யாரும் சொல்வதில்லை. இந்த உதாரணம் அன்றே எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

டீக்கடை மனிதரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாலை போட்டு எத்தனை நாள் சாமி?"

"மூணாவது நாளு சாமி. குடிய உட்டாச்சா, நேத்துலேந்து ஒரே ஒதறலா கீது."

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"இன்னா சாமி நீ? மாலையோட ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது."

என் வாசகம், எழுத்துப் பிசகாமல்.

"போகலாம்" என்றேன்.

எத்தனை சின்ன வார்த்தை பார். கிளாஸை வாங்கி வைத்துவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தார். டாக்டர் முன்னால் உட்காரும்வரை நான் விடவில்லை.