புளியமரத்து வளையம்

தியாகதுருகம்
செப்டம்பர் 1987

அன்புள்ள செழியனுக்கு,

அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் அப்பாவும் நலம், கறவை மாடும் நலம், கோயமுத்தூரில் உன் உடம்போடு மனசும் தேறியிருக்க வேண்டும் என்று அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். இட ஒதுக்கீட்டுக்காக நம் சாதிச் சங்கம் செய்த ரோடு மறியல் முடிந்து தபால்காரர் நேற்றுதான் வந்தார், உன் கடிதம் இரண்டையும் சேர்த்தே கொடுத்தார். பாஸ்கெட்பாலில் மதுரையில் ஜெயித்தோம், திருச்சியிலும் ஜெயித்தோம், கடைசி ஆட்டம் மெட்ராசில், வியாழக்கிழமை காலேஜ் பஸ் நம் வீட்டைத் தாண்டித்தான் போகும், ரோட்டோரம் நில்லுங்கள், புளியமரத்து வளையத்தைப் பசங்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஒன்றில் எழுதியிருந்தாய். சின்னசேலத்துக்கு முன்பே மரம் வெட்டிப் போட்டிருந்தது, பஸ் திரும்பிவிட்டது, ஆடாமலே தோற்றோம், உங்க ஆளுங்க வேலைதானே என்று சொல்லி யாரும் என்னோடு பேசுவதில்லை, இனி பந்தைத் தொடமாட்டேன் என்று மற்றதில். படித்துவிட்டு அழுதேன் கண்ணு.

அந்த வியாழக்கிழமை இங்கே பஸ் இல்லை, கரும்பு டிராக்டர் இல்லை, தார் ரோட்டில் ஆடுகள் படுத்துக் கிடந்தன. சத்தமே இல்லாததால் கல்வராயன் மலைகூடக் கிட்டே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. மத்தியானம் கண்ணயர்ந்தேன். நம்பர் போட்ட பனியனில் நெட்டை நெட்டையாகப் பசங்கள் வாசலில் நிற்கிறார்கள், நீ எறிந்த பந்து வளையத்துக்குள் போய்க் கீழே விழாமல் அப்படியே மிதக்கிறது. நீ வரப்போவதே தெரியாமல் கண்ட கனவு அது. எழுந்து பார்த்தால் வளையம் இருந்த இடத்தில் வெறும் வானம். புளியமரத்தை விடியலிலேயே வெட்டியாகிவிட்டது.

வெட்டியது உன் அப்பாதான். சங்கத்துப் பசங்கள் உன் வளையத்தைப் பார்த்துத் தயங்கினார்கள், இவர் கோடாலியை வாங்கிக்கொண்டு, "இட ஒதுக்கீடு வந்து பையனுக்கு ஒரு வேல கெடைக்கும்னா மரம் இன்னா பெரிசு" என்றார். முதலில் மேலே ஏறி, தார் டிரம்மில் தான் அடித்துக் கொடுத்த வளையத்தைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுத்தான் வெட்டினார். நேற்று உன் கடிதத்தைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அங்கே வெட்டியது வேறு யாரோ என்றேன். "எவன் வெட்டனா இன்னா, நானுந்தான வெட்டனேன்" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு நன்றாக ஏசினேன், பிறகு பாவமாகிவிட்டது.

பேசாத பசங்களிடம் நீயே போய்ப் பேசு. எங்கள் வீட்டில் என் மரமே போச்சு என்று சொல். சொல்லிவிட்டுப் பந்தை எடு. எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி பட்டினி கிடக்காதே.

அப்பா கொல்லையில் பனங்கம்பம் நட்டிருக்கிறார். ரோட்டோரம் இனி வேண்டாமாம். புளியமரத்தில் குத்துமதிப்பாகக் கட்டினோம், இப்போது சரியான உயரம் தெரிய வேண்டுமாம். "அவன வுட்டு எழுதச் சொல்லு, வேற எவனையும் கேக்க மாட்டேன்" என்று வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எல்லா நலமும் பெற்று நீ நீடூழி வாழ வேண்டும். எத்தனை அடி என்று எழுத மறக்காதே. அதுவரை அவர் ஆணி அடிக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ராஜாம்பாள்