ஜன்னல்ல வச்ச போன்

ஜூலை 7, திங்கள்
விடிஞ்சதுலருந்து மழை. ஏலக்காட்டுக்குப் போகல. துணி ஒண்ணும் காயல.

பஞ்சாயத்து ஹாலுக்குப் போனேன், பக்கத்து வீட்டுச் செல்விக்காக. ஏதோ கம்பெனியும் பஞ்சாயத்தும் சேர்ந்து ரேஷன், ஆஸ்பத்திரி கார்டு எல்லாத்தையும் போனுக்குள்ள கொண்டாந்துட்டாங்களாம். பேனர், பலூன். இங்க கரண்டு இருக்கிறதே பெரும்பாடு.

செல்வி வீட்டுக்காரன் முருகனுக்கு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ். சிகிச்சைக் கார்டு திடீர்னு லாக். அது இல்லாட்டி ஆஸ்பத்திரியில எடுக்க மாட்டாங்க. காசு கட்டவும் வழியில்ல.

காரணம் என்னன்னா, எஸ்டேட்டு லயத்துல வரிசையா இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஒரே நம்பர். எங்க வீட்டுக்காரர் அருளப்பனோட நம்பர். சிக்னல் எங்க ஜன்னல்ல மட்டுந்தான் வரும். ரேஷனோ என்ன எழவோ, எல்லாரும் அருளப்பன் நம்பரையே குடுத்தாங்க. ஓடிபி வந்தா லயமே கேக்கக் கத்துவார்: "செல்வீ, உனக்குடி!"

மிஷினுக்கு அது திருட்டுத்தனமாத் தெரியுதாம்.

கம்பெனிப் பொண்ணு: "நம்பருக்குரிய ஆள் நேர்ல வரணும் சேச்சி."

"ஆளு கல்லறையில இருக்காரும்மா."

கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டிப் பாத்துச்சு. அப்புறம் சொல்லுது, இறந்ததா ஏத்தி நம்பரை ரத்து பண்ணணுமாம், அப்பத்தான் கார்டு தொறக்குமாம். சிம்மும் போயிரும்.

செவ்வாய்
தலைவலி. உப்பு, தீப்பெட்டி வாங்கணும்.

செல்வி வந்தா. அடுப்பு ஓரம் உட்கார்ந்து பால் இல்லாத கட்டஞ்சாயா குடிச்சா. "உங்களுக்கு மனசில்லன்னா வேணாங்க்கா." அவ மொகத்தப் பாக்க முடியல.

போன வருசம் மழையில போனார். சிம்மை நான் விடல. தெரியாத யாராச்சும் கூப்பிட்டு, "அருளப்பன் அண்ணே இருக்காரா?"ம்பாங்க. அதைக் கேக்கத்தான். பைத்தியக்காரி நான்.

முருகன் கால் வீங்கிக் கிடக்கான். என்ன பெரிய நம்பரு.

புதன்
திரும்பவும் ஹாலுக்குப் போனோம். ரத்து பண்ணவும் ஓடிபி. அவர் போனுக்கே வந்துச்சு. நானே வாசிச்சேன். கடைசி எண்ணை மட்டும் செல்வி சொன்னா.

கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள: அருளப்பன், இறந்தவர்.

"இனி முருகன் கார்டு?"

"செல்வி சேச்சி நம்பர் ஏத்தியாச்சு. மேல அப்ரூவல் வரணும். ஏழு வேலை நாள்."

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னோமே தாயி!"

"எங்க கையில இல்ல. பஞ்சாயத்துல கேளுங்க."

பஞ்சாயத்துல கேட்டா, "அது கம்பெனி காரியம்." நாசமாப் போங்கடான்னு அவங்க மலையாளத்துலயே சொல்லிட்டு வந்தேன். என்ன பிரயோஜனம்.

வியாழன்
மழை. ஏலக்காய் எடுத்துட்டு வந்தோம். கைக்கறை போகல.

அவர் போனை பைபிளுக்குக் கீழ வச்சுட்டேன். ஜன்னல்ல இப்ப செல்வி போன். கார்டு தொறந்தா அதுலதான் மெசேஜ் வருமாம். முருகனுக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குன்னு செல்வி பையில துணி, தட்டு, டம்ளர் எல்லாம் எடுத்து வச்சிருக்கா, பாவி மக.

கஞ்சி காய்ச்சும்போது போன் சத்தம். ஓடிப்போய் ஜன்னல்ல நின்னு கத்தினேன், அவர் மாதிரியே: "செல்வீ, உனக்குடி!"

ஈரக் கையோட ஓடி வந்தா.

கம்பெனிதான். சேவை பிடிச்சிருந்துச்சான்னு கேக்குது.