சாகாதவனுக்கு எதுக்குக் கயிறு

பிப்ரவரி 3, திங்கள்

நௌஃபல் போன் பண்ணினான். துறைமுக ஏஜென்சி ஆபீசில் என் பக்கத்து மேசையில் இருந்த காயல்பட்டினத்துக்காரன். இப்போது சென்னையில் காமிக்ஸ் கம்பெனி எடிட்டர். "கிளாடிஸ் அக்கா, உங்க சவரியான எங்க கம்பெனிக்குக் கேக்காங்க."

சவரியான் நான் வரைகிற காமிக்ஸ் நாயகன், அந்தக் காலத்து முத்துக்குளிக்காரன். ஆபீஸ் விட்டு வந்து வரைந்து வரைந்து ஐந்து புத்தகம் நானே அச்சடித்து விற்றுவிட்டேன். ஆறாவதுதான் கடைசி. அதில் அவன் கடலுக்குள்ளிருந்து மேலே வரமாட்டான். படகில் அவனை மேலே இழுக்கிற கயிற்றைப் பிடித்திருந்த மச்சான் லூர்து, ஈரக் கயிற்றோடு தங்கச்சி வீட்டு வாசலில் வந்து நிற்கவேண்டும். அந்தப் பக்கம் மட்டும் வெள்ளையாகவே கிடக்கிறது.

எப்படி வரைவேன்? என் வீட்டுக்காரர் அற்புதமணி சங்கு குளிக்கப் போகிறார். வள்ளத்தில் இருந்து அவருடைய காற்று டியூபைப் பார்த்துக்கொள்கிறவன் என் அண்ணன் ராஜதுரை. கயிறு இருந்த காலத்திலிருந்தே இங்கன மச்சான்தான் பிடிப்பான். தங்கச்சி தாலி அறுவதை எந்த அண்ணன் பொறுப்பான் என்ற நம்பிக்கை.

பிப்ரவரி 6

கம்பெனியில் ஏற்கனவே ஒரு சூப்பர்ஹீரோப் பட்டாளம் இருக்கிறது. இடியைக் கையில் பிடிக்கிறவன், கண்ணால் எரிக்கிறவள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே உலகம். ஒருத்தன் கதையில் இடிந்த பாலம் இன்னொருத்தி கதையிலும் இடிந்தே கிடக்கவேண்டும். அதற்கென்று விதிமுறைப் புத்தகமே வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

"நீங்க வரையாட்டியும் அவன் இருப்பான் அக்கா. எங்க கதைகள்ல யாருக்கும் சாவு கிடையாது. அடுத்தவங்க கதைக்கு வேணும்லா?" என்றான் நௌஃபல்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"குடுத்துருளா. அங்கன போனா அவன் சாவமாட்டாம்லா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நிமிரவில்லை. கடைசிப் புத்தகம் எப்படி முடியும் என்று அவரிடம் நான் சொன்னதே கிடையாது. அதற்கு முந்தின பக்கம், அவன் மேலே வராத பென்சில் படம், மேசையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டா தினமும் கடலுக்குப் போனாரு? பாவி, நான் ஒரு பாவி.

பிப்ரவரி 10

நௌஃபலிடம் சரி என்று சொல்லிவிட்டேன். நிம்மதியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 19, புதன்

கம்பெனியிலிருந்து மாதிரி அட்டைப்படம் வந்தது. சவரியான் கழுத்தில் செவுள். தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடுவானாம். மற்றவர்களுக்கெல்லாம் சக்தி இருக்கும்போது இவனுக்கும் ஒன்று வேண்டாமா? கயிறு இருக்கிறது. சாட்டை மாதிரி சுழற்றி, ஒரு ராட்சதன் கழுத்தில் போட்டு இழுக்கிறான்.

அண்ணன் அப்போதுதான் டியூபுக்கு ஒட்டுப் போட ரப்பர் துண்டு கேட்டு வந்தான். டியூப் முழுக்க ஒட்டு. புதுசு வாங்கு என்றால், சீசன் முடியட்டும் என்பான். அட்டையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"ஏளா, இதுல நான் எங்க?"

"நீ இல்ல. இவனுக்குத்தான் மூச்சே முட்டாதே."

"பொறவு கயத்த எதுக்கு வச்சிருக்கான்?"

ரப்பரை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் போன பிறகு என் ஐந்து புத்தகங்களையும் எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் லூர்துவின் கைதான். கயிற்றைச் சுற்றியிருக்கிற கை, ஒரு இழுப்புக்காகக் காத்திருக்கிற கை. அதைத்தானே இத்தனை நாளும் வரைஞ்சேன்? அதை எடுத்துட்டு என்னத்தக் குடுக்கப் போறேன்?

பிப்ரவரி 20

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. நௌஃபல் கோபப்படவில்லை. "அவங்களே வேற ஒரு குளிக்காரன உண்டாக்கிருவாங்க அக்கா. என்னால தடுக்க முடியாது."

"உண்டாக்கட்டும். என் சவரியானுக்கு மூச்சு முட்டும்."



இவரிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"அப்ப அந்தப் பக்கத்த வரையப்போற."

"ம்."

"நான் கடல்ல கெடக்கும்போது வரையாத. வீட்ல இருக்கையில வரை."

எங்கள் வீடுகளில் வள்ளம் வெளியே இருக்கும்போது சாவுப் பேச்சு எடுக்கமாட்டோம். படத்துக்கும் அதே சட்டம்தான் போல.

பிப்ரவரி 23, ஞாயிறு

அவர் கட்டிலில் தூங்கினார். அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வரைந்தேன். வாசல் மட்டும் முடிந்தது.

மார்ச் 2, ஞாயிறு

முடிந்தது. லூர்து நிற்கிறான். ஒரு வார்த்தை இல்லை. கயிறு வாசற்படியில் சொட்டுகிறது. தங்கச்சியை வரையவில்லை, உள்ளே இருந்து அவள் பார்ப்பது போல வரைந்தேன். அடக்கமுடியாமல் அழுதேன். அவர் எழுந்து வந்து பார்த்தார். என் தலையில் கையை வைத்து, "நல்லாருக்குளா" என்றார்.

மார்ச் 5, சாம்பல் புதன்

கோயிலிலிருந்து அண்ணன் நெற்றிச் சாம்பலோடு வந்தான். அந்தப் பக்கம் மேசையில் கிடந்தது. மறைக்க நேரமில்லை. லூர்துவுக்கு அவன் முகம்தான், முதல் புத்தகத்திலிருந்தே. பார்த்தான். உட்காரு என்றேன். உட்காரவில்லை, போய்விட்டான். கோபமா?

மார்ச் 8, சனி

கம்பெனி தன்னுடைய குளிக்காரனை அறிவித்துவிட்டது. செவுள், சாட்டை, எல்லாம் அப்படியே. பெயர் மட்டும் வேறு. "மன்னிச்சிருங்க அக்கா" என்று நௌஃபல் அனுப்பியிருந்தான்.

விடியற்காலையில் அவருக்குச் சோறு கொடுக்கக் கரைக்குப் போனேன். வள்ளத்தில் மஞ்சள் டியூப் சுருட்டிக் கிடந்தது. ஒரு ஒட்டு இல்லை. பழசு மணலில் கிடந்தது.

"சீசன் முடியட்டும்னியே" என்றேன் அண்ணனிடம்.

அவன் புது டியூபை முழம் முழமாக நீவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.